உவர்நீர்த் தொட்டியும் வெண்புள்ளி நோயும்

திருச்சிராப்பள்ளி கடற்கரை ஊரன்று. நாகப்பட்டினத்துக் கடலைக் காண விரும்புவோர் இங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் செல்ல வேண்டும். நமக்கு வாய்த்த நீரெல்லாம் காவிரியும் கொள்ளிடமும் தந்த நன்னீரே. அங்ஙனமிருந்தும் இந்நகரத்து இல்லங்கள் சிலவற்றிலும், ஆற்றுக்கு அப்பால் திருவரங்கத்து வீதிகளிலும், கண்ணாடித் தொட்டியில் உவர்நீர் நிரப்பிக் கடல்மீன் வளர்ப்போர் இருக்கின்றனர் என்பதை யாம் அறிவோம். தமிழ் பயிலும் மாணவர்க்கு மீன்தொட்டியில் யாது வேலை என வினவுவாரும் உளர். நெய்தல் திணையின் முதலும் கருவும் உரியும் ஆண்டுதோறும் தேர்வுக்கு ஒப்பித்தெழுதுகின்றோம். சுறவும் இறவும் பாட்டில் வரும்போது தடையின்றிப் பொருள் கூறுகின்றோம். ஆயினும் உயிரோடிருக்கும் கடல்மீன் ஒன்றை அரை மணி நேரம் உற்று நோக்கியவர் எம் வகுப்பில் எத்துணைப் பேர்? அக்குறையை ஓரளவு தீர்த்துக்கொள்ளப் புகுந்தபோது எம் கண்ணில் முதலிற் பட்டது மீனின் அழகன்று, அதன் நோய். அந்நோயைப் பற்றியே இங்கு எழுதுகின்றோம்.

வீட்டுத் தொட்டிகளில் மிகுதியாகக் காணப்படுவன சில இனங்களே. செந்நிற மேனியில் வெண்பட்டை தீட்டிய கோமாளி மீன், நீல நிறச் சிறு மீன்களான டாம்செல் வகை, வாலடியில் கத்திபோன்ற முள்ளுடைய சர்ஜன் மீன், வண்ணாத்தி மீன் என்பன அவை. திருவரங்கம் மேலூரில் 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பூங்காவில் வண்ணத்துப்பூச்சிகளைக் கண்டவர்கள், அப்பெயர் ஒரு மீனுக்கும் அமைந்த பொருத்தத்தை எளிதில் உணர்வர். இவற்றுள் கோமாளி மீனை இக்காலத்தில் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்கின்றனர். மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரும் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் துறையினரும் இவ்வகையில் உழைத்திருக்கின்றனர். ஏனையவற்றுட் பெரும்பாலானவை கடலிலிருந்து பிடித்து வரப்படுவனவே. கடலில் பிறந்து, வலையிற்பட்டு, நெகிழிப் பையில் அடைபட்டு, இரண்டு மூன்று கடைகளில் தங்கி, இறுதியில் நம் கூடத்துக்கு வந்து சேரும் மீன் தனியே வருவதில்லை. வழியில் தன்னோடு ஒட்டியவற்றையும் உடன் கொண்டு வருகின்றது.

பிற உயிரைச் சார்ந்து, அதன் உடலையே உணவாக்கி வாழும் உயிரை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். மரத்தின் மேல் முளைத்து மரத்தையே உறிஞ்சும் செடிக்குப் புல்லுருவி என்றும், மாட்டின் தோலிற் பற்றிக் குருதி குடிக்கும் பூச்சிக்கு உண்ணி என்றும் பெயரிட்டனர். ஒட்டி உண்பது ஒட்டுண்ணி. இக்காலத்து அறிவியல் நூலார் இச்சொல்லை மேற்கொண்டது பெரிதும் பொருத்தமே. ஆயினும் யாம் கூறப்போகும் ஒட்டுண்ணி கண்ணுக்குப் புலனாகும் உண்ணி போன்றதன்று. ஒரே அணுவாலாய நுண்ணுயிர் அது. மேனி முழுதும் நுண்மயிர் உடையது. கிரிப்டோகாரியோன் இரிட்டான்ஸ் என்பது அதன் அறிவியற் பெயர். ஜப்பானில் சிக்காமா என்பார் 1937ஆம் ஆண்டளவில் இந்நோயைப் பற்றி எழுதினார். இப்பெயரை அதற்கு இட்டு 1951ஆம் ஆண்டில் விவரித்தவர் பிரௌன் என்னும் ஆராய்ச்சியாளர். இதனினும் கொடியதாகிய மற்றொன்றை, பின்னர்க் கூறப்படும் பொன்தூள் நோயின் காரணத்தை, 1931ஆம் ஆண்டிலேயே விவரித்தவரும் பிரௌனே. எல்லையற்ற கடலில் மறைந்திருந்த பகைவர் தொட்டிக்குள் வந்தபோது வெளிப்பட்டனர் எனலாம்.

வெண்புள்ளி நோய் என்று வழங்கும் இதன் வாழ்க்கை நான்கு நிலைகளை உடையது. இந்நான்கையும் உள்ளத்திற் பதிக்காமல் மருந்தைத் தேடுவது இலக்கணம் கல்லாமல் உரை எழுதப் புகுவதை ஒக்கும். முதல் நிலையில் அது மீனின் தோலுக்கும் செவுளுக்கும் உட்புறமாகப் புதைந்து அதன் அணுக்களைத் தின்று வளர்கின்றது. நமக்குத் தெரியும் உப்புப் பொடி போன்ற வெண்புள்ளி இதுவே. 3 நாள் முதல் 7 நாள் வரை அங்கிருக்கும். இரண்டாம் நிலையில், பெரும்பாலும் இருள் நேரத்தில், மீனை விட்டுத் தானே நீங்கிச் சில மணி நேரம் அடித்தரையில் ஊர்கின்றது. மூன்றாவதாக, மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டி, உள்ளே பலவாகப் பிரிகின்றது; ஒரு கூட்டில் 200 குஞ்சுகள் வரை உண்டாகலாம். நான்காவது, கூட்டை உடைத்து வெளிவந்து மீனைத் தேடி நீந்தும் நிலை. இதுவும் பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் பின்னுமாகவே, மீன்கள் தரையருகே உறங்கிக் கிடக்கும் நேரத்தில் நிகழும். ஓரிரு நாளுக்குள் மீன் கிடையாவிடில் அக்குஞ்சு மாயும். பற்றும் ஆற்றலோ முதற் சில மணி நேரத்திலேயே குன்றிவிடும்.

இதில் கருதத்தக்கது ஒன்றுண்டு. எல்லாக் கூடுகளும் ஒரே நாளில் உடைவதில்லை. ஒரே இரவில் கட்டப்பட்ட கூடுகளிலும் ஒன்று மூன்றாம் நாளிலும் மற்றொன்று மூன்று வாரங்கழித்தும் உடையும். ஆராய்ச்சிச் சாலையில் 72 நாள் வரை தாமதித்த கூடும் காணப்பட்டுள்ளது. ஆகவே, “பத்து நாளாயிற்று, இனி அச்சமில்லை” என்னும் சொல்லுக்கு இங்கு இடமேயில்லை.

திருவரங்கம் சித்திரை வீதியில் யாம் அறிந்த இல்லம் ஒன்றில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று. அவ்வீட்டுப் பெரியவர் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். தம் பேத்தியின் விருப்பத்திற்காக 200 லிட்டர் கொள்ளும் தொட்டி அமைத்து, கோமாளி இரண்டும் டாம்செல் நான்கும் வண்ணாத்தி ஒன்றுமாக ஏழு மீன்களை ஓராண்டுக் காலம் குறைவின்றி வளர்த்து வந்தார். பின்னர்ச் சென்னைக் கடையொன்றிலிருந்து சர்ஜன் மீன் ஒன்று வந்தது. வந்த அன்றே அதனைத் தொட்டியில் விட்டனர். நான்காம் நாள் அதன் மேனியில் ஐந்தாறு புள்ளிகள் தோன்றின. மீன் பாறையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டது. ஏழாம் நாள் புள்ளிகள் யாவும் மறைந்தன. வீட்டில் பெருமகிழ்ச்சி. கண்ணேறு கழிந்தது என்று மூதாட்டியார் மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார். அடுப்பில் இட்ட மிளகாய் கமறாததைக் கண்டு கண்ணேறு வலியது என்றும் கூறினாராம். பதின்மூன்றாம் நாள் காலையில் எட்டு மீன்களின் மேலும் மாவு தூவினாற்போல் புள்ளிகள். இரை எடுப்பது நின்றது, மூச்சு விரைந்தது, நான்கு நாளில் ஆறு மீன்கள் இறந்தன. ஒரு கோமாளியும் ஒரு டாம்செலும் எஞ்சின. அச்சிறுமி மூன்று நாள் அக்கூடத்தின் பக்கமே வரவில்லை என்று பெரியவர் எம்மிடம் கூறியபோது அவர் குரல் தழுதழுத்தது.

புள்ளி மறைந்தது நோய் தீர்ந்ததற்கு அடையாளமன்று. ஒட்டுண்ணி உண்டு முடித்துக் கருவுயிர்க்கச் சென்றது என்பதற்கே அடையாளம். இவ்வொன்றை அறியாமையால் இறந்துபட்ட மீன்கள் உலகெங்கும் எண்ணிறந்தன. அறிந்தவர்க்கோ, புள்ளி மறைந்த அந்நாளே செயற்படுதற்கு உரிய நாள்.

கடலில் இம்மீன்கள் இவ்வாறு கூட்டங்கூட்டமாக மடிவதைக் காண்பது அரிது. இதன் காரணம் எளிது. ஒரு கூட்டிலிருந்து 200 குஞ்சுகள் வெளிப்பட்டாலும், அலையும் நீரோட்டமும் அவற்றை எங்கெங்கோ கொண்டு செல்ல, ஒன்றிரண்டே மீனைச் சேரும். மீனும் அவ்விடத்திலேயே நில்லாது. நான்கு கண்ணாடிச் சுவருக்குள்ளோ வேட்டைக்காரனுக்கு அலைச்சல் இல்லை. இரைக்கு ஓட இடமில்லை. பத்துப் புள்ளிகள் உதிர்ந்தால் அடுத்த முறை ஈராயிரம் வரை எழக்கூடும். ஆகையால் தொட்டியில் வெண்புள்ளி நோய் வலுத்தல் இயற்கையின் சீற்றமன்று, இடக்குறுக்கத்தின் விளைவு.

இனித் தடுக்கும் வழிக்கு வருவோம். வழி ஒன்றே, ஏனையவை அதற்குத் துணை. புதிதாக வரும் எவ்வுயிரையும் பழைய தொட்டியில் உடனே விடாமல் தனியே வைத்து நோக்குதல் அது. மேனாட்டார் இதனைக் குவாரண்டைன் என்பர். நாற்பது என்னும் பொருளுடைய சொல்லடியாகப் பிறந்தது இது. கொள்ளைநோய்க்கு அஞ்சி 1377ஆம் ஆண்டு ரகூசா நகரத்தார் வெளியூரிலிருந்து வந்தோரை முப்பது நாள் நிறுத்தி வைத்தனர். பின்னர் வெனிசு முதலிய நகரத்தார் அதனை நாற்பதாக்கினர். தமிழ்நாட்டிற்கும் இவ்வழக்கம் புதிதன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளரைச் சேர்த்தனுப்பிய இலங்கைத் தொழிலாளர் கமிஷனின் தலைமை நிலையம் நம் திருச்சிராப்பள்ளியிலேயே இருந்தது. இங்கிருந்து சென்றோர், காலரா, அம்மை முதலியன இலங்கைக்குள் புகாவண்ணம் மண்டபத்து முகாமில் சில நாள் நிறுத்தி வைக்கப்பட்ட பின்னரே கடல் கடந்தனர். அந்த மண்டபம் முகாமுக்கே 1949இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் சென்னையிலிருந்து வந்தது. 1971இல் தலைமையிடம் கொச்சிக்கு மாறும்வரை அங்கேயே இருந்தது. கிளை நிலையம் இன்றும் அங்குண்டு. மனிதரைத் தனிப்படுத்திய இடத்தில் மீனின் ஆராய்ச்சி தழைத்தது தற்செயலே. எனினும் எமக்கு அது மறக்கவியலாத ஒரு பொருத்தமாகத் தோன்றுகின்றது. அம்முகாமில் அடைபட்டோர் பட்ட அல்லலை நினைக்குங்கால், மீனைத் தனித்து வைப்பதிலும் அதன் நலமே முதற்கண் கருதப்பட வேண்டும் என்று சொல்லத் தோன்றுகின்றது.

தனித்தொட்டிக்குப் பெரும் செலவில்லை. 40 அல்லது 60 லிட்டர் கொள்ளும் வெறுந்தொட்டி போதும். மணலும் பாறையும் இடலாகாது. கூடு ஒளிந்திருக்க இடந்தருவன அவையே. மறைந்து உறங்க இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டுகள், காற்றூட்டும் பொறி ஒன்று, பழைய தொட்டியில் முன்னரே ஊறி நன்மை செய்யும் நுண்ணுயிர் குடியேறிய பஞ்சு வடிகட்டி ஒன்று, இவை இருந்தால் மீன் இளைப்பாறும். பஞ்சினைப் பழைய தொட்டியிலிருந்து தனித்தொட்டிக்கு எடுத்துச் செல்லலாம். அங்கிருந்து மீளக் கொண்டுவரலாகாது. வலை, குழாய், வாளி யாவும் இரண்டிரண்டாக இருத்தல் வேண்டும். ஒரு துளி நீரில் ஒரு கூடு இருக்கலாம். ஈரக்கையோடு ஒரு தொட்டியிலிருந்து மறுதொட்டியில் கையிடுதல் மருத்துவமனையில் ஒரே ஊசியைப் பலர்க்கு இடுதல் போல்வது. தனித்தொட்டியைப் பழைய தொட்டிக்கு அருகிலும் வைக்கலாகாது; பொன்தூள் நோயின் குஞ்சுகள் நீர்க்குமிழி உடைந்து தெறிக்கும் திவலையில் ஏறியும் பரவும் என்று ஆராய்ந்து கண்டிருக்கின்றனர். வேறோர் அறையே நன்று.

எத்துணை நாள் வைப்பது? முப்பது நாளுக்குக் குறையலாகாது. ஆறு வாரம் உத்தமம். புள்ளி தோன்றவில்லையாயினும் நாளைக் குறைக்க வேண்டா. சிற்சில மீன்களில் ஒட்டுண்ணி செவுளில் மட்டும் தங்கியிருக்கும்; மேனி மாசின்றி விளங்கும்.

நோய் தோன்றிவிட்டதாயின் செய்யத்தக்க சிகிச்சை மூன்று. மூன்றும் மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றிய பின்னரே செய்யத்தக்கன.

எமக்கு மிகவும் பிடித்தது மருந்தே இல்லாத முறை. கணக்கையே மருந்தாக்கும் முறை அது. மேலே கூறிய நாட்களை நினைவு கூர்க. மீனை விட்டு நீங்கிய ஒட்டுண்ணி கூடு கட்டிக் குஞ்சு விடக் குறைந்தது மூன்று நாளாகும். ஆகவே மூன்று நாள் நிறைவதற்குள் மீனை வேறொரு தூய தொட்டிக்கு மாற்றிவிட்டால், உதிர்ந்த கூடுகள் பழைய தொட்டியிலேயே நின்றுவிடும். அவை உடையும்போது மீன் அங்கிராது. முதல், நான்காம், ஏழாம், பத்தாம் நாட்களில் இவ்வாறு மாற்றினால், ஏழு நாளைக்கு மேல் மீனின் உடலில் தங்கவியலாத ஒட்டுண்ணி முற்றும் கழிந்துவிடும். பத்தாம் நாள் புகுந்த தொட்டியிலும் மூன்று நாள் நோக்கிய பின்னரே மீனைத் தூயது எனக் கொள்ள வேண்டும். இரண்டு நெகிழித் தொட்டிகள் போதும். ஒன்றில் மீன் இருக்கையில் மற்றதைக் கழுவி நன்றாக உலர்த்த வேண்டும். உலர்ந்தால் கூடு மாயும். இவ்வகையில் திருச்சிராப்பள்ளி வெயில் நமக்குப் பேருதவி. மொட்டை மாடியில் ஒரு பகல் கவிழ்த்து வைத்த தொட்டியில் ஈரம் தங்குவது சித்திரை மாதத்தில் இயலாத செயல். மாற்றும் நேரம் காலையாக இருத்தல் நலம். இரவில் உதிர்ந்தவை அனைத்தும் பின்தங்கிவிடும். மீனோடு பழைய நீர் செல்லாதபடி பார்த்துக்கொள்க. 40 லிட்டர்த் தொட்டிக்கு ஒவ்வொரு முறையும் 1.4 கிலோ கடலுப்புக் கலவை வேண்டியிருக்கும், செலவு அவ்வளவே.

இரண்டாவது, உவர்ப்பைக் குறைத்தல். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதனை நன்னீர் சேர்த்துச் சில நாளில் படிப்படியாக 15 அல்லது 16 கிராமுக்குத் தாழ்த்தினால், மீன் பொறுத்துக்கொள்ளும். ஊர்ந்து செல்லும் ஒட்டுண்ணியும் அதன் கூடும் பொறாமல் வெடிக்கும். குறைந்தது மூன்று வாரம் இந்நிலையில் வைத்து, பின்னர் இறக்கியதைக் காட்டிலும் மெதுவாக ஏற்ற வேண்டும். உவர்ப்பை அளக்க நல்ல ஒளிவிலகல்மானி இன்றியமையாதது. நாவால் அறிவேன் என்பாரை நம்பற்க. இரண்டு கிராம் பிழைத்தாலும் சிகிச்சை வீணாம். தாழ்ந்த உவர்ப்பையும் தாங்கும் வகைகள் சில உண்டென்று எழுதியிருத்தலால், புள்ளி தொடர்ந்து தோன்றுமாயின் இம்முறையை விட்டு வேறொன்றை நாடுக.

மூன்றாவது செம்பு. மயில்துத்தம் என்று நாட்டுமருந்துக் கடையில் நீலக் கட்டியாக விற்கும் பொருளில் கால்பங்குக்குச் சற்று மிகுதியாகச் செம்பு அடங்கியிருக்கின்றது. நீந்தும் குஞ்சுகளைக் கொல்லுவது செம்பே. மீனுக்கும் அது நஞ்சுதான். அளவே மருந்தையும் நஞ்சையும் பிரிக்கின்றது. லிட்டருக்கு 0.15 மில்லிகிராமுக்குக் குறைந்தால் பயனில்லை, 0.20ஐத் தாண்டினால் மீனுக்குத் தீங்கு. 100 லிட்டர் நீருக்குக் கணக்கிட்டால் வேண்டிய மயில்துத்தம் ஏறத்தாழ 59 மில்லிகிராம். அஃதாவது அரைக் குன்றிமணி எடை! “ஒரு சிட்டிகை போடுங்கள்” என்று வாய்மொழியாகச் சொல்வோர் எத்துணைக் கொடிய யோசனை கூறுகின்றனர் என்பது இதனால் விளங்கும். நாட்டுமருந்துக் கடைச் சரக்கின் தூய்மையும் நிச்சயமன்று. ஆய்வுக்கூடத்துத் தூய பொருளை நுண்தராசில் நிறுத்து, நீரில் கரைத்து, அக்கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, நாளைக்கு இருமுறை நீரைச் சோதித்து, மூன்று வாரத்துக்குக் குறையாமல் அளவைக் காக்க வல்லவர் மட்டுமே இதில் இறங்குக. கடைகளில் வரும் செம்பு மருந்துகளுள் சில வேறு பொருளோடு பிணைக்கப்பட்டவை. அவற்றின் அளவு வேறு. பவளக்கல்லும் சுண்ணமும் செம்பை உறிஞ்சிக்கொள்ளும். நத்தை, நண்டு, இறால், கடற்சாமந்தி யாவும் செம்பால் மடியும். ஆதலின் அழகுத் தொட்டியில் செம்பைக் கலத்தல் எஞ்ஞான்றும் கூடாது.

மீனைப் பிரித்தெடுத்த பழைய தொட்டியை யாது செய்வது? ஒன்றும் செய்ய வேண்டா என்பதே விடை. மீன் இல்லையேல் ஒட்டுண்ணிக்கு உணவில்லை, தானே அழியும். நண்டும் நத்தையும் அங்கேயே வாழலாம். வெண்புள்ளி அவற்றைப் பற்றாது. ஆறு வாரம் மீனின்றி வைத்தல் வழக்கம். 72 நாள் தாமதித்த கூட்டை மனத்திற் கொண்டோர் 76 நாள் வைக்கின்றனர். சித்திரை வீதிப் பெரியவர் இரண்டாவதையே கைக்கொண்டார். எஞ்சிய இரு மீன்களும் நெகிழித் தொட்டிகளில் மாறி மாறி இருந்து தூயனவாயின. நோயில் பிழைத்த மீன் சில மாதம் அதனை எதிர்க்கும் ஆற்றல் பெறும். ஆயினும் சிறிதளவு ஒட்டுண்ணியைப் புறத்தே காட்டாமல் சுமந்திருக்கவுங்கூடும். எனவே பிழைத்தவற்றையும் சிகிச்சையின்றி விடாதது நல்லறிவே. வெறுந்தொட்டியில் இருந்ததொரு துறவி நண்டு. அதற்கு இரையிடும் பொறுப்பைப் பேத்தி ஏற்றாள். நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்து 76 வரை எண்ணியவளும் அவளே. எழுபதாம் நாள் எம்மைக் கண்டு, “அண்ணா, இன்னும் ஆறுதான்” என்றாள்.

பொன்தூள் நோய் என முன்னர்க் கூறியது வேறு. அமைலோடினியம் என்னும் ஒட்டுண்ணியால் வருவது. வெண்புள்ளியை எண்ணலாம், இதனை எண்ணவியலாது. பக்கவாட்டில் ஒளி வீசிப் பார்த்தால் மேனியில் மெல்லிய பொன்னிறத் தூள் படிந்தாற்போல் தோன்றும். பெரும்பாலும் அதற்கு முன்னரே செவுள் அழிந்து, மீன் நீர்மட்டத்தில் வாய் திறந்து மூச்சு வாங்கும், ஒளியை வெறுத்து மூலையில் ஒதுங்கும், இரை உண்ணாது. கடுமையாயின் ஒரு நாளுக்குள் தொட்டி முழுதும் மடியலாம். உவர்ப்பைக் குறைத்தல் இதற்குப் பயன்படாது, ஏறக்குறைய நன்னீரிலிருந்து கடலினும் மிக்க உவர்ப்பு வரை இது தாங்கும். மூன்று நாள் மாற்றும் முறையும் இதனை ஒழிக்காது. செம்பே வழி, தாமதமே எமன்.

தட்டைப்புழு எனப்படும் மற்றொரு வகை கண்ணிலும் தோலிலும் ஒட்டும். மீன் கண் மங்கித் தேய்த்துக்கொள்ளும். வெப்பமும் அமிலகாரத் தன்மையும் ஒத்த நன்னீரில் ஐந்து நிமிடம் வைத்தால் புழுக்கள் வெளுத்து உதிர்வதைக் காணலாம். அந்நன்னீர்க் குளியல் வெண்புள்ளிக்கு உதவாது. அது தோலுக்குள் புதைந்திருத்தலால்.

நம் ஊருக்கே உரிய சில செய்திகளும் கூறவேண்டும். இங்குக் கோடையில் வெப்பம் 40 பாகையைத் தொடுகின்றது. தொட்டிநீர் 30 பாகைக்கு ஏறினால் நீரில் கரையும் உயிர்வளி குறையும். அதே வேளையில் செவுள் புண்பட்ட மீனுக்கு அது மிகுதியாக வேண்டியிருக்கும். ஒட்டுண்ணியின் சுற்றும் வெப்பத்தில் விரையும். ஆகவே சித்திரை, வைகாசியில் புதுமீன் வாங்காமையே நலம் என்பது எம் கருத்து. நீர்ப்பரப்பின்மேல் சிறு விசிறி வைத்தால் இரண்டொரு பாகை தணியும். ஆனால் நீர் விரைந்து ஆவியாகும். ஆவியாவது நீரே, உப்பன்று. எனவே குறைந்த அளவுக்கு நன்னீரையே ஊற்ற வேண்டும், உவர்நீரை அன்று. குழாயில் வரும் நீரில் குளோரின் கலந்திருக்கும். ஒரு நாள் காற்றூட்டி வைத்தோ அதற்குரிய மருந்திட்டோ நீக்கிய பின்னரே பயன்படுத்துக. மின்சாரம் நின்றால் இயங்கும் மின்கலக் காற்றுப்பொறி ஒன்று வீட்டில் இருத்தல் வேண்டும். சமையல் உப்பில் கடல்நீர் ஆகாது. மக்னீசியம், கால்சியம் முதலியன இல்லாத நீரில் கடல்மீன் நெடுநாள் வாழாது. சென்னைக் கடற்கரையில் 1909இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்ட மீன் காட்சிச்சாலைக்குக் கடல் வாயிலிலேயே இருந்தது. நமக்கோ ஒவ்வொரு குடம் கடலும் கையால் கலந்து ஆக்க வேண்டியது.

மஞ்சள், வேப்பிலை, பூண்டு என்று பலர் பலவாறு கூறுவர். மீனின் உடலில் புதைந்ததையோ மணலில் கூடு கட்டியதையோ இவை ஒழித்தன என்பதற்கு நம்பத்தக்க சோதனை இல்லை. புள்ளி மறையும் நாளில் இட்ட எப்பொருளும் மருந்தாகத் தோன்றும், அவ்வளவே. புறவூதா ஒளி விளக்கு, தன் வழியே செல்லும் நீரிலுள்ள குஞ்சுகளைக் கொல்லும். ஆயின் மீன்மேல் இருப்பதையும் தரையில் இருப்பதையும் அது தீண்டாது.

பாறைக்காகவோ பவளத்துக்காகவோ மன்னார் வளைகுடாவில் கைவைப்பது குற்றம். அங்குள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்கா; பவளப்பூச்சிகளும் கடற்குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் 2001 முதல் காக்கப்படுவன. தொட்டியிலேயே பிறந்த கோமாளி மீனை விரும்பி வாங்குவோர்க்கு நோயச்சமும் குறைவு, கடலுக்கும் இழப்பில்லை.

சிகிச்சை முடிந்த தொட்டியின் செம்புநீரைத் தோட்டத்திலோ, வாய்க்காலிலோ, காவிரிப் படித்துறையிலோ கொட்டலாகாது. நன்னீர் நத்தையும் மீனும் கடல்மீனைக் காட்டிலும் செம்புக்கு எளிதில் இரையாகும். அந்நீரைக் கழிவுநீர்க் குழாயில் விடுக. வலையையும் குழாய்த் துண்டுகளையும் கழுவி, அடுத்த மீன் வரும்வரை வெயிலில் உலர விடுக.